நிறம் அல்ல, நிலமே சாட்சி

வட அமெரிக்காவின் கிராமப்புறங்களில் வளர்ந்த பலருக்கு, சிறுவயதில் வேலியோரத்திலோ ஓடைக்கரையிலோ கண்ட ஒரு கிங்ஸ்நேக் பாம்பு நினைவில் தங்கியிருக்கிறது. நம் ராஜநாகம் வேறு, இது வேறு. மனிதருக்கு ஆபத்தான நஞ்சு இதற்குக் கிடையாது. மற்ற பாம்புகளையும் சுற்றி நெரித்து விழுங்கிவிடும். அன்று பார்த்தது எந்த வகை என்று பிற்காலத்தில் அறிய விரும்புகிறவர்கள், பெரும்பாலும் படங்கள் நிறைந்த ஒரு கையேட்டைப் புரட்டி, நினைவில் உள்ள நிறத்தோடு பொருந்தும் படத்தைத் தேடுகிறார்கள். இந்த வரிசையே தலைகீழானது என்பதுதான் இந்த வாரம் நான் முன்வைக்கும் வாதம். எங்கே பார்த்தோம் என்பது முதல் கேள்வி. அது என்ன செய்தது என்பது இரண்டாவது. நிறம் கடைசியில்தான் வரவேண்டும்.

நிறத்தைக் கடைசிக்குத் தள்ளக் காரணம், அது வல்லுநர்களையே ஏமாற்றியிருக்கிறது. கலிஃபோர்னியாவில் உடலைச் சுற்றி வெள்ளை வளையங்கள் கொண்ட கிங்ஸ்நேக்கும், முதுகில் நீளவாக்கில் ஒற்றைக்கோடு கொண்ட கிங்ஸ்நேக்கும் நெடுங்காலம் வெவ்வேறு இனங்களாகவே எண்ணப்பட்டன. சான் டியேகோவைச் சேர்ந்த லாரன்ஸ் கிளாபர் 1930-களில் முட்டைகளைப் பொரிக்கவைத்துப் பார்த்தார். ஒரே தாய் இட்ட முட்டைகளிலிருந்து இரண்டு வடிவங்களும் வெளிவந்தன. மேற்கு டெக்சஸிலும் இதே கதைதான். 1950-ல் தனி இனமாக அறிவிக்கப்பட்ட ஒரு பாம்பு, பின்னர் அங்கே ஏற்கெனவே அறியப்பட்டிருந்த சாம்பல் வளைய கிங்ஸ்நேக்கின் இன்னொரு தோற்றம் என்று தெரிந்தது. வயதும் நிறத்தை மாற்றும். தெற்கு ஃபுளோரிடாவில் குட்டியாக இருக்கும்போது தெளிவாகத் தெரியும் பட்டைகள், பாம்பு வளர வளரப் புள்ளிகளுக்குள் கரைந்துபோகின்றன. நிறத்தை மட்டும் பார்த்தால், ஒரே பாம்பையே இரண்டு வயதில் இரண்டு வகையாக எண்ண நேரும்.

‘எதை மறந்தாலும் நிறத்தை மறக்க முடியுமா? குழந்தையின் மனத்தில் ஆழப் பதிவதே அதுதானே?’ என்று கேட்கலாம். பதிவது உண்மைதான், பதிந்தது பதிந்தபடியே இருப்பதில்லை. எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பாமரும் 1974-ல் வெளியிட்ட ஆய்வில், கார்கள் மோதும் படக்காட்சியைப் பார்த்தவர்களில் 50 பேரிடம் கார்கள் ‘மோதியபோது’ என்ன வேகம் என்று கேட்டார்கள். வேறு 50 பேரிடம் ‘நொறுங்க மோதியபோது’ என்ற பொருள்படும் சொல்லால் கேட்டார்கள். ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்ததாக முதல் குழுவில் 7 பேரும் இரண்டாம் குழுவில் 16 பேரும் சொன்னார்கள். காட்சியில் உடைந்த கண்ணாடியே இல்லை. ஒரே வாரத்தில் ஒரு சொல் இவ்வளவு செய்யுமானால், முப்பது நாற்பது ஆண்டுகளில் பார்த்த படங்களும் கேட்ட கதைகளும் ஒரு பாம்பின் நிறத்தை எவ்வளவு மாற்றியிருக்கும்! தென்கிழக்கு மாநிலங்களில் நஞ்சுள்ள பவளப் பாம்புக்குச் சிவப்பை ஒட்டி மஞ்சள் வரும். செந்நிற கிங்ஸ்நேக்குக்குச் சிவப்பை ஒட்டிக் கறுப்பு வரும். மூன்று நிறங்களும் நினைவில் இருக்கும். அவற்றின் வரிசையைத் தருவது, பவளப் பாம்பை அடையாளம் காணப் பள்ளியிலோ முகாமிலோ பின்னால் கற்ற பாட்டாகவும் இருக்கலாம்.

இடம் அப்படி எளிதில் மாறுவதில்லை. எந்த ஊரில், எந்த வீட்டில் வாழ்ந்தோம் என்பதைக் குடும்பத்தாரிடமும் பள்ளிப் பதிவிலும் சரிபார்க்க முடியும். அந்த ஒரு தகவலே பெரும்பாலான ஐயங்களைத் தீர்த்துவிடும். அட்லாண்டிக் கரையோரமுள்ள கரோலினா மாநிலங்களில் என்றால், கறுப்பு உடலில் வெண்சங்கிலி பூண்ட கிழக்கு கிங்ஸ்நேக். டென்னசி, கென்டக்கி பக்கம் என்றால், ஏறக்குறைய முழுக் கறுப்பான வகை. லூசியானா, ஆர்கன்சா என்றால், செதிலுக்கு ஒரு மஞ்சள் புள்ளி தெளித்தது. இவை அனைத்தையும் பழைய கையேடுகள் ஒரே இனத்தின் உட்பிரிவுகளாகக் காட்டின. 2009-ல் ஆய்வாளர்கள் பைரனும் பர்பிரிங்கும் மரபணு ஆதாரத்தோடு அந்த ஓரினத்தை ஐந்தாகப் பிரித்தார்கள். பெயர்கள் மாறியபோதும் பாம்புகள் வாழும் நிலம் மாறவில்லை. ஊரைச் சொல்பவருக்கு இன்றைய பெயரும் கிடைத்துவிடும். சியரா நெவாடாவின் பைன் காட்டில் சிவப்பு, கறுப்பு, வெள்ளைப் பட்டைகளோடு கண்டதைப் ‘பவளப் பாம்பு’ என்று ஒருவர் உறுதியாகச் சொன்னாலும் ஏற்க முடியாது. கலிஃபோர்னியாவில் பவளப் பாம்பு இயற்கையாக வாழ்வதே இல்லை. அது மலை கிங்ஸ்நேக்காக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

இடம் மட்டுமே போதாத நேரமும் உண்டு. கென்டக்கியில் கறுப்புப் பாம்பு என்றால் கிங்ஸ்நேக், ராட் ஸ்நேக், ரேசர் மூன்றுமே போட்டிக்கு வரும். அங்கேதான் நடத்தை உதவுகிறது. மரத்தில் ஏறியிருந்தால் ராட் ஸ்நேக் என்றே முதலில் கருத வேண்டும். கண்டதும் மின்னலாக ஓடி மறைந்தால் ரேசர். இன்னொரு பாம்பைச் சுற்றி நெரித்துக்கொண்டிருந்தால் கிங்ஸ்நேக் என்பதற்கு அதைவிட வலுவான சான்று இல்லை. ரேசரும் பாம்புகளைத் தின்னும், ஆனால் சுற்றி நெரித்துக் கொல்வதில்லை.

இன்னொரு மறுப்பும் நியாயமானதே: வளர்ப்புப் பாம்புகள் தப்பித்துவிட்டால், இருக்கக் கூடாத இடத்திலும் இருக்குமே? இருக்கும். கனேரித் தீவுகளில் ஒன்றான கிரான் கனேரியாவில் அப்படி வந்து சேர்ந்த கலிஃபோர்னியா கிங்ஸ்நேக் பெருகி, அந்தத் தீவுக்கே உரிய பெரும்பல்லியை அழித்துவருகிறது. அதனால் இடம் என்ற சான்று பயனற்றதாகிவிடாது. எந்தக் காலத்தில் பார்த்தோம் என்ற கேள்வியையும் அதனுடன் சேர்க்க வேண்டும் என்பதே இதன் பாடம். பாம்பு வளர்ப்பு வணிகம் பெருகாத 1950-களில், ஊருக்கு வெளியே காட்டோரத்தில் கண்ட பாம்பைத் தப்பியோடிய வளர்ப்புப் பாம்பு என்று சொல்ல வலுவான காரணம் வேண்டும். இரண்டு வகைகளின் எல்லைகள் சந்திக்கும் பகுதியில் கலப்புத் தோற்றங்களும் உண்டு. அங்கே ‘இரண்டில் ஒன்று’ என்பதே நேர்மையான விடை.

என்றோ பார்த்த பாம்பின் பெயருக்கு இவ்வளவு பாடா என்று யாரும் நினைக்க வேண்டாம். ஃபுளோரிடாவின் பெய்ன்ஸ் பிரேரி சதுப்புவெளியில் ஒரு காலத்தில் மிகுதியாக இருந்த கிங்ஸ்நேக்குகள் பின்னர் மறைந்துபோயின. தென் கரோலினாவில் பாதுகாக்கப்பட்ட ஒரு நிலப்பகுதியிலேயே அவை குறைந்துவிட்டதை 2007-ல் வெளியான ஆய்வு காட்டியது. எங்கே எவை வாழ்ந்தன என்று தெரிந்தால்தான் எதை இழந்தோம் என்று தெரியும். முதியவர்களின் நினைவு அருங்காட்சியக மாதிரிக்கு ஈடாகாது. ஆனால் எங்கே தேட வேண்டும் என்று ஆய்வாளருக்கு அது சொல்ல முடியும். ஆகவே அப்படியொரு நினைவு உள்ளவர்கள் முதலில் ஊர், ஆண்டு, பருவம், பாம்பின் செயல் ஆகியவற்றை எழுதி வைக்க வேண்டும். அதன் பிறகே கையேட்டுப் படங்களைத் திறக்க வேண்டும்.

(தொடரும்)