கர்னலின் வாசலில் – 11: பெயர் மாறும் நேரம்

உங்கள் ஹார்டு டிஸ்க்கில் ஒரு ஃபோல்டரில் இருக்கும் 4 ஜிபி படத்தை அடுத்த ஃபோல்டருக்கு மாற்றிப் பாருங்கள். என்டரைத் தட்டிய விரலை எடுப்பதற்குள் வேலை முடிந்திருக்கும். அதே படத்தைப் பென் டிரைவுக்கு மாற்றினால், எழுந்து போய் டீ போட்டுக் குடித்துவிட்டு வரலாம். லினக்ஸில் இரண்டுக்கும் கட்டளை ஒன்றுதான்: எம்வி. அப்படியானால் ஏன் இந்த வித்தியாசம்?

நிரல் கர்னலிடம் கேட்பதையெல்லாம் காட்டும் எஸ்ட்ரேஸ் வழியாக எம்வியை ஓட்டினால் குட்டு உடைந்துவிடும். முதல் தடவை படம் இடம் மாறியது ஒரே ஒரு ரீநேம் அழைப்பில். பென் டிரைவுக்கும் எம்வி முதலில் ரீநேமைத்தான் கேட்டுப் பார்க்கிறது. கர்னலோ ஈஎக்ஸ்டெவ் என்ற பிழையைக் கொடுத்துத் திருப்பி அனுப்பிவிடுகிறது. லினக்ஸில் அது 18ஆம் எண் பிழை. இரண்டும் வேறு வேறு ஃபைல் சிஸ்டம், நம்மால் ஆகாது என்று அர்த்தம். அதற்குப் பிறகுதான் எம்வி துண்டு துண்டாக ரீட், ரைட் என்று முழுப் படத்தையும் நகலெடுத்து, கடைசியில் பழையதை அன்லிங்க் செய்கிறது, அதாவது அந்தப் பெயரை நீக்குகிறது.

டைரக்டரி என்பது பெயர்களும், ஒவ்வொரு கோப்பையும் குறிக்கும் ஐநோட் எண்களும் கொண்ட பட்டியல் என்று போன வாரம் பார்த்தோம். ஆரம்பகால யூனிக்ஸில் அந்தப் பட்டியலின் ஒரு வரிக்கு 16 பைட்தான்: எண்ணுக்கு 2, பெயருக்கு 14. அன்று டைரக்டரியைத் திறந்து, சாதாரண ரீட் அழைப்பாலேயே படித்துவிட முடிந்தது. ரீநேம் கை வைப்பது இந்தப் பட்டியலில் மட்டும். நிலம் இருந்த இடத்திலேயே இருக்க, பட்டாவில் பெயர் மாறுவதைப் போல. கோப்பு 4 ஜிபியா, 4 பைட்டா என்ற கேள்வியே அங்கே எழுவதில்லை.

இவ்வளவு அடிப்படையான அழைப்பு யூனிக்ஸில் முதலிலிருந்தே இருந்திருக்கும் என்றுதான் தோன்றும். இல்லை. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகம் 1983இல் வெளியிட்ட 4.2 பிஎஸ்டியில்தான் ரீநேம் வந்தது. அதற்கு முன்பு எம்வி மூன்று படியாக வேலை செய்தது. புதுப் பெயரில் ஏற்கெனவே ஒரு கோப்பு இருந்தால் அதை அன்லிங்க், பிறகு புதுப் பெயருக்கு லிங்க், பிறகு பழைய பெயரை அன்லிங்க். முதல் படி முடிந்து இரண்டாவது தொடங்கும் முன் மெஷின் படுத்துவிட்டால், அந்தப் பெயரில் எந்தக் கோப்பும் இருக்காது.

டைரக்டரி உருவாக்குவது இதைவிட மோசம். 1979இன் ஏழாம் பதிப்பு யூனிக்ஸில் எம்கேடிர் என்று ஒரு சிஸ்டம் காலே கிடையாது. அந்தப் பெயரில் ஒரு நிரல் ரூட் அதிகாரத்தோடு ஓடும். எம்கேநாட் அழைப்பால் டைரக்டரியைப் படைக்கும். சௌன் அழைப்பால் அதைக் கேட்டவருக்கு உரிமையாக்கும். பிறகு ஒற்றைப் புள்ளி, இரட்டைப் புள்ளி இரண்டுக்கும் லிங்க் போடும். எம்கேநாட் முடிந்து சௌன் தொடங்கும் அந்தச் சின்ன இடைவெளியில் புத்திசாலித் திருடன் ஒருவன் புகுந்தால்? புதிய டைரக்டரியை அழித்துவிட்டு, அதே பெயரில் பாஸ்வேர்டு கோப்புக்கு ஒரு லிங்க் வைத்துவிடுவான். அடுத்து வரும் சௌன் எதையும் சந்தேகிக்காமல் ரூட் அதிகாரத்தில் அந்தப் பாஸ்வேர்டு கோப்பையே அவனுக்கு எழுதிக் கொடுத்துவிடும். மெஷின் மெதுவாக ஓட ஓட, அவனுக்குக் கிடைக்கும் நேரமும் கூடும். 4.2 பிஎஸ்டியில் எம்கேடிர் சிஸ்டம் காலானதும் இந்த ஓட்டை அடைபட்டது.

இனி நம் நிரலுக்கு வருவோம். சி பழகும் பலரும் கோப்பைச் சேமிக்க எஃப்ஓப்பனில் 'டபிள்யூ' போட்டுத் திறக்கிறார்கள். அது உள்ளே ஓ_டிரங்க் கொடியோடு ஓப்பனை அழைக்கிறது. திறந்த அந்த நொடியே பழைய உள்ளடக்கம் காலி. புதியதில் இன்னும் ஒரு எழுத்துகூட எழுதப்படவில்லை. அப்போது கரண்ட் போனால் பழையதும் இல்லை, புதியதும் இல்லை. பாடப் புத்தகங்கள் இதை எச்சரிக்காமல் கடந்து போவது எனக்கு இன்றைக்கும் புரியாத விஷயம்.

சரியான வழி, அதே டைரக்டரியில் ஒரு தற்காலிகக் கோப்பைத் திறப்பது. டிஎம்பி டைரக்டரி வேண்டாம். அது வேறு ஃபைல் சிஸ்டமாக இருந்தால் கடைசியில் ஈஎக்ஸ்டெவ் வந்து நிற்கும். திறக்க எம்கேஸ்டெம்ப் இருக்கிறது. அந்தப் பெயரில் வேறு கோப்பு இல்லை என்பதை உறுதி செய்துகொண்டு, 0600 அனுமதியோடு உருவாக்கித் தரும். பழைய கோப்பின் அனுமதி வேறாக இருந்தால் எஃப்சிமாட் போட மறந்துவிடாதீர்கள். மறந்தால் நேற்றுவரை எல்லோரும் படித்த கோப்பை இன்று உங்களைத் தவிர யாராலும் திறக்க முடியாது. அடுத்து ரைட். கேட்ட அளவு முழுவதையும் அது எழுதியே தீரும் என்று யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. எத்தனை பைட் எழுதினேன் என்று திருப்பிச் சொல்லும். மிச்சத்தை நாம்தான் சுற்றில் விட்டு எழுத வேண்டும். பிறகு எஃப்சிங்க், குளோஸ், கடைசியாக ரீநேம். பழைய கோப்பை அப்போது திறந்து வைத்திருக்கும் நிரல், மூடும்வரை பழையதையே படிக்கும். அதற்குப் பின் திறப்பவருக்குப் புதியது முழுசாகக் கிடைக்கும். பாதி வெந்த கோப்பு யார் கண்ணிலும் படாது.

நடுவில் அந்த எஃப்சிங்க் எதற்கு என்று கேட்கலாம். ரைட் வெற்றி என்று திரும்பினால், தரவு கர்னலின் நினைவகத்துக்குப் போய்ச் சேர்ந்தது என்றுதான் பொருள். டிஸ்க்குக்குப் போக, லினக்ஸின் இயல்பான அமைப்பில் 30 நொடிகூட ஆகலாம். எஃப்சிங்க் அதை உடனே டிஸ்க்குக்கு அனுப்பச் சொல்கிறது. 2009இல் எக்ஸ்ட்4 என்ற லினக்ஸ் ஃபைல் சிஸ்டம் புதிதாகப் பரவியபோது இது பெரிய தகராறாக வெடித்தது. கணினி திடீரென நின்று மீண்டும் எழுந்தால், டெஸ்க்டாப்பின் அமைப்புக் கோப்புகள் பூஜ்ய பைட்டாகக் கிடந்தன. நிரல்கள் ரீநேம் செய்திருந்தன, எஃப்சிங்க் செய்யவில்லை. டிஸ்க்கில் இடம் ஒதுக்குவதை எக்ஸ்ட்4 தள்ளிப்போடுவதால், பெயர் மாற்றம் முதலில் டிஸ்க்குக்குப் போய்விட்டது, உள்ளடக்கம் போகவில்லை. எக்ஸ்ட்4இன் முதன்மைப் பராமரிப்பாளர் தியோடர் சோ, தவறு நிரல் எழுதியவர்களுடையது, யூனிக்ஸ் வகை அமைப்புகளுக்கான தரமான போசிக்ஸ் அப்படி எந்த உத்தரவாதமும் தரவில்லை என்றார். வாதம் சரிதான். ஆனாலும் பயனாளரின் கோப்பு போனது போனதுதானே? அவரே இறங்கி வந்து, பழைய கோப்பின் மேல் ரீநேம் நடந்தால் உள்ளடக்கத்தை உடனே டிஸ்க்குக்கு அனுப்பும் திருத்தத்தைச் செய்தார். 2.6.30 கர்னலில் அது சேர்ந்தது.

அந்தத் தயவை நம்பி எழுதாதீர்கள். வேறு ஃபைல் சிஸ்டத்தில் அது இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. பெயர் மாற்றமும் கரண்ட் வெட்டைத் தாங்க வேண்டுமானால், டைரக்டரியையே ஓப்பன் செய்து அதற்கும் ஒரு எஃப்சிங்க் போட வேண்டும். எஃப்சிங்க் தோற்றால் மீண்டும் அழைத்துச் சமாளிக்கலாம் என்றும் நினைக்க வேண்டாம். முதல் தடவை பிழை சொன்ன லினக்ஸ், எழுதப்படாத பக்கங்களை எழுதியாகிவிட்டதாகக் குறித்துக்கொண்டு, இரண்டாம் தடவை வெற்றி என்று சொல்லிவிடக்கூடும். போஸ்ட்கிரெஸ்க்யூஎல் தரவுதளக் குழு 2018இல் இதைக் கண்டு அதிர்ந்தது. இப்போது எஃப்சிங்க் தோற்றால் அந்தத் தரவுதளம் தன்னையே நிறுத்திக்கொண்டு, பதிவேட்டிலிருந்து மீண்டு எழுகிறது.

அடுத்த வாரம் ஓப்பன்டிர், ரீட்டிர். அதற்குள் நீங்கள் தினமும் புழங்கும் எடிட்டரை எஸ்ட்ரேஸில் ஓட்டி, ஒரு கோப்பைச் சேமித்துப் பாருங்கள். எஃப்சிங்க் வருகிறதா, ரீநேமுக்கு முன்னால் வருகிறதா என்று கவனித்து எழுதுங்கள்.