மஞ்சள் பிடியும் சிவப்புப் பிடியும்

பழைய லேண்ட் ரோவர் ஒன்றை விலை பேசப் போகிறீர்களா? ஒரு காந்தத் துண்டையும் சின்னச் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு போங்கள். கதவிலும் மட்கார்டிலும் காந்தம் ஒட்டாது, அவை அலுமினியம். ஒட்டுகிற இடங்களில்தான் உங்கள் காசு கரையப் போகிறது.

தெமியாங், லாபு, ரந்தாவ் என்று சிரம்பானைச் சுற்றி வளர்ந்தவர்களுக்கு இந்த வண்டி புதிதல்ல. ரப்பர் தோட்டத்துத் துரையின் வண்டி அது. செம்மண் பாதையில் அதன் உறுமல் கேட்டாலே மண்டோருக்குக் குரல் ஏறிவிடும். பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, துரைகளும் போனார்கள். அந்தக் காலத்து வண்டிகளில் தப்பிப் பிழைத்தவை கை மாறிக் கை மாறி, இன்று யாராவது ஒருவருடைய வீட்டுக் கொட்டகையில் நான்கு கட்டைகளின் மேல் நிற்கின்றன. சனி, ஞாயிறுகளில் அவற்றைப் பிரித்துக் கோர்ப்பது தனிப் பித்து. அந்தப் பித்துப் பிடித்தவர்களுக்கும், பிடிக்கவிருப்பவர்களுக்கும்தான் இந்தக் கட்டுரை.

பிரிட்டனின் ரோவர் கம்பெனியில் தலைமைப் பொறியாளராக இருந்தவர் மாரிஸ் வில்க்ஸ். ஆங்கில்சி தீவில் இருந்த தன் பண்ணையில் அவர் ஓட்டியது, ராணுவம் கழித்துவிட்ட வில்லிஸ் ஜீப். அது முழுதாகத் தேய்ந்துபோனால் வேறு எதை வாங்குவது என்ற யோசனையில் பிறந்ததே லேண்ட் ரோவர். 1948 ஏப்ரல் 30 அன்று ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அது வெளியுலகுக்கு வந்தது. அதே ஆண்டு ஜூனில், கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை ஒடுக்க மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. விவசாயிக்கென்று வரைந்த வண்டி, இங்கே தோட்டங்களிலும் பட்டாளத்திலும் துப்பாக்கிக் காவலோடு ஓட நேர்ந்தது.

இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு பிரிட்டனில் எஃகு பங்கீட்டில்தான் கிடைத்தது. அதனால் உடம்பை அலுமினியமும் மக்னீசியமும் கலந்த பர்மாபிரைட் தகட்டில் செய்தார்கள். சேசிஸுக்கு மட்டும் எஃகு வேண்டியிருந்தது. பெரிய அச்சு இயந்திரங்களுக்குச் செலவழிக்க மனமில்லாமல், தட்டை எஃகுப் பட்டைகளை நான்கு பக்கமும் வைத்துப் பற்றவைத்து, உள்ளே வெற்றிடமுள்ள பெட்டிச் சட்டமாக்கினார்கள். கெட்டியான யோசனைதான். ஆனால் நம் ஊர் மழைக்கு அந்த வெற்றிடமே எமன். சேறும் ஈரமும் உள்ளே போய்த் தங்க, சட்டம் உள்ளிருந்து வெளியே துருவேறும். வெளியே கறுப்புப் பெயின்ட் பளபளக்க, உள்ளே ஒன்றும் மிஞ்சியிருக்காது.

சுத்தியல் அதற்குத்தான். வண்டிக்கு அடியில் படுத்து, பின் குறுக்குச் சட்டத்தில் தொடங்கி முன்னோக்கித் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இரும்பு ‘டிங்’ என்று பேசும். கெட்டது ‘தொப்’பென்று ஒலிக்கும், சில இடங்களில் சுத்தியலே உள்ளே போய்விடும். அடுத்துப் பார்க்க வேண்டியது, எஞ்சினுக்கும் ஓட்டுநருக்கும் இடையிலுள்ள எஃகுத் தடுப்பின் கால் வைக்கும் பள்ளங்கள். அலுமினியம் துருப்பிடிக்காது என்று விற்பவர் சொல்வது பாதி உண்மை. எஃகும் அலுமினியமும் தொடும் இடத்தில் ஈரம் சேர்ந்தால் அது ஒரு மின்கலம்போல் வேலை செய்து அலுமினியத்தைத் தின்னும். போல்ட்டைச் சுற்றி வெள்ளைப் பொடி பூத்திருந்தால் நடப்பது அதுதான். திரும்ப மாட்டும்போது இரண்டுக்கும் நடுவே பெயின்டோ ரப்பரோ கொடுத்துப் பிரித்து வையுங்கள்.

வேலை தொடங்குமுன் ஓர் எச்சரிக்கை. இந்த வண்டியின் கை பிரேக் சக்கரத்தில் இல்லை. கியர் பாக்ஸுக்குப் பின்னால், பின் அச்சுக்குப் போகும் தண்டில் இருக்கிறது. ஒரு பின் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கினால், டிஃபரன்ஷியல் வழியாக அந்தச் சக்கரம் எளிதாகச் சுழலும். கை பிரேக் முழுக்க இழுத்திருந்தாலும் வண்டி உருண்டு ஜாக்கியிலிருந்து விழும். மேட்டு வாசல்காரர்களுக்கு இது உயிர்ப் பிரச்சினை. தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுக்காமல் எதையும் தூக்காதீர்கள்.

இனி தலைப்பில் உள்ள பிடிகள். 1958-இல் வந்த இரண்டாம் சீரீஸிலும் 1971-இல் வந்த மூன்றாம் சீரீஸிலும் சாதாரணமாகப் பின் சக்கரங்கள் மட்டுமே இழுக்கும். மஞ்சள் பிடியை அழுத்தினால் முன் சக்கரங்களும் சேரும். சிவப்புப் பிடியைப் பின்னுக்கு இழுத்தால் நான்கு சக்கர இழுவையோடு கியர் விகிதமும் இறங்கும். வேகம் பாதிக்கும் கீழே போய், இழுவை அதே அளவுக்கு ஏறும். லேடெக்ஸ் பீப்பாய்களோடு சேற்று மேட்டில் ஏறியது இந்தச் சிவப்புப் பிடியின் தயவில்தான்.

ஆனால் முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் நடுவே டிஃபரன்ஷியல் கிடையாது. வளைவில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட நீண்ட வழி போகும். இரண்டையும் ஒன்றாகப் பூட்டிவிட்டால் அந்த வித்தியாசம் தண்டுகளில் முறுக்காக ஏறும். செம்மண்ணில் சக்கரம் கொஞ்சம் வழுக்கி முறுக்கைக் கழித்துவிடும். தார்ச் சாலையில் அதற்கு வழியில்லை. தோட்டத்தில் முப்பது வருஷம் உழைத்த வண்டி, நகரத்துக்கு வந்த பிறகு மஞ்சள் பிடி அழுத்தியபடியே ஓட்டப்பட்டுப் பல்லை உடைத்துக்கொள்வது இப்படித்தான்.

இந்த முறுக்கைப் புரிந்துகொண்டால், வண்டியில் செய்யும் மாற்றங்களை எங்கே நிறுத்துவது என்பதும் புரியும். மூலப் பெட்ரோல் எஞ்சின் இரண்டேகால் லிட்டர். எழுபது சொச்சம் குதிரைத்திறன். அதைக் கழற்றிவிட்டு, பழைய வண்டிகளை வெட்டி விற்கும் பொத்தோங் கடையில் கிடைக்கும் ஜப்பானிய டீசல் எஞ்சினை ஏற்றுவது நம் நாட்டில் பழகிப்போன வேலை. லேண்ட் ரோவரின் சொந்த வாரிசான, 1989-இல் வந்த 200 டிடிஐ டர்போ டீசலையும் சிலர் பொருத்துகிறார்கள். அதன் முறுக்குவிசை பழைய பெட்ரோல் எஞ்சினைப்போல் ஒன்றரை மடங்கு. ஏறுவதற்குச் சுகம்தான், ஆனால் அந்த விசை முழுவதும் பழைய கியர் பாக்ஸ் வழியாகப் போய், பின் அச்சின் மெல்லிய ஷாஃப்டில் முடிகிறது. சக்கரத்தையும் பெரிதாக்கினால் ஷாஃப்டின் பாடு இன்னும் மோசம்.

உடைந்தாலும் வீட்டுக்கு வந்து சேர வழி உண்டு. சக்கர நடுவிலுள்ள ஆறு போல்ட்டைக் கழற்றினால், சக்கரத்தைத் தொடாமலே ஷாஃப்டை உருவிவிடலாம். மஞ்சள் பிடியை அழுத்தி, முன் சக்கர இழுவையில் மெல்ல ஓட்டி வரலாம். காட்டுப் பாதைக்குப் போகிறவர்கள் மாற்று ஷாஃப்டைக் கையோடு வைத்திருப்பார்கள்.

என்னைக் கேட்டால், முதல் பணத்தை எஞ்சினில் போடக் கூடாது. நான்கு டிரம் பிரேக்குகளையும் பிரித்து, சிலிண்டர்கள், ஹோஸ்கள், குழாய்கள் எல்லாவற்றையும் புதிதாக்குங்கள். பிறகு ஸ்டீயரிங் மூட்டுகள், பட்டை ஸ்பிரிங்கின் புஷ்கள். ஓடுகிற வண்டியை நிறுத்த முடிந்த பிறகு வேகத்தைப் பற்றி யோசிக்கலாம். பெயின்ட் கடைசி.

முறையாகச் செய்தால் இவை எவ்வளவு தூரம் போகும் என்பதற்குச் சாட்சி இருக்கிறது. 1955-இல் ஆக்ஸ்ஃபர்ட், கேம்பிரிட்ஜ் மாணவர்கள் இரண்டு முதல் சீரீஸ் வண்டிகளில் லண்டனிலிருந்து புறப்பட்டு, மறு ஆண்டு சிங்கப்பூர் சேர்ந்தார்கள். அவற்றுள் ‘ஆக்ஸ்ஃபர்ட்’ எனப்பட்டது பின்னாளில் செயின்ட் ஹெலினா தீவில் சிதைந்து கிடந்தது. அதை மீட்டு, பழுதுபார்த்து, 2019-இல் சிங்கப்பூரிலிருந்து லண்டனுக்கே ஓட்டிப் போனார்கள்.

கடைசியாகக் காகித வேலை. எஞ்சினை மாற்றினால் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயின் அனுமதி வேண்டும், வாகனப் பரிசோதனை வேண்டும், வண்டியின் உரிமைச் சான்றான கெரானில் புது எஞ்சின் எண் ஏற வேண்டும். பலர் கோட்டைவிடுவது சேசிஸ் எண்ணில். இரண்டாம், மூன்றாம் சீரீஸ்களில் அது முன் வலது ஸ்பிரிங் மாட்டும் கொம்பில் பொறிக்கப்பட்டிருக்கும். துரு முதலில் பிடிக்கும் இடங்களில் அதுவும் ஒன்று. வெல்டர் அந்தக் கொம்பை வெட்டிப் புதிது வைத்தால் எண்ணும் அதோடு போயிற்று. கொம்பில் கை வைக்குமுன் எண்ணைத் தெளிவாகப் படமெடுத்துக்கொண்டு, ஜேபிஜே அலுவலகத்தில் கேட்டு, அனுமதியோடு வெட்டுங்கள்.