தொண்ணூறு சதவீதம் முடிஞ்சிருச்சு!

‘புராஜெக்ட் எந்த அளவில் இருக்கிறது?’ என்று மென்பொருள் துறையில் யாரிடம் கேட்டாலும், ‘தொண்ணூறு சதவீதம் முடிஞ்சிருச்சு’ என்றுதான் பதில் வரும். அடுத்த மாதம் கேட்டாலும் அதே தொண்ணூறுதான். மிச்சமிருக்கும் பத்துக்குள் எத்தனை மாதங்கள் ஒளிந்திருக்கின்றன என்பது கோடு எழுதுபவருக்கும் தெரியாது, மேனேஜருக்கும் தெரியாது. பணம் கொடுக்கும் கிளையன்டுக்குச் சுத்தமாகத் தெரியாது.

இந்த மழுப்பலுக்கு இடமே தராத ஒரு வேலைமுறை 1990களின் இறுதியிலேயே வந்துவிட்டது. அதன் பெயர் ஃபீச்சர் டிரிவன் டெவலப்மென்ட், சுருக்கமாக எஃப்.டி.டி. மென்பொருளைச் சிறுசிறு பகுதிகளாகக் கட்டித் தரும் அஜைல் முறைகள் என்றாலே, அவற்றுள் ஒன்றான ஸ்க்ரம்தான் என்று ஆகிவிட்ட இன்று, இப்படியொரு முறை இருப்பது துறைக்குள்ளேயே பலருக்குத் தெரியாது.

3,500 பக்கம், கோடு இல்லை

சிங்கப்பூரின் பெரிய வங்கி ஒன்று, கடன் வழங்கும் பிரிவுக்குப் புதிய மென்பொருள் கேட்டிருந்தது. முதலில் வேலையை எடுத்த ஆலோசனை நிறுவனம் இரண்டு ஆண்டுகள் உழைத்து 3,500 பக்க ஆவணங்களைக் குவித்தது. ஓடக்கூடிய கோடு எதுவும் வரவில்லை. கடைசியில், ‘இதைச் செய்யவே முடியாது’ என்று கையை விரித்துவிட்டது.

1997-ல் அந்தப் பொறுப்பை ஏற்றார் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஜெஃப் டி லூக்கா. மாடலிங் நிபுணர் பீட்டர் கோட் என்பவரை உடன் சேர்த்துக்கொண்டார். சுமார் 50 பேர் கொண்ட டீம், ஏறத்தாழ 15 மாதங்களில் வேலையை முடித்துக் கொடுத்தது. அங்கே உருவான நடைமுறைதான் 1999-ல் பீட்டர் கோட், எரிக் லெஃபேவ்ர், டி லூக்கா மூவரும் எழுதிய புத்தகத்தில் ஓர் அத்தியாயமாக வெளிவந்தது. 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 17 பேர் கூடி அஜைல் பிரகடனத்தை எழுதியபோது, எஃப்.டி.டி. தரப்பில் ஜான் கெர்ன் அங்கே இருந்தார்.

ஐந்து படிகள்

முதல் படியில் வங்கித் தொழில் தெரிந்தவர்களும் புரோகிராமர்களும் ஒன்றாக உட்கார்ந்து, மொத்தத் தொழிலுக்கும் ஒரு மாடல் வரைகிறார்கள். கடன், வாடிக்கையாளர், அடமானம் எல்லாம் ஒன்றோடொன்று எப்படி இணைகின்றன என்பது எல்லோருக்கும் புரிகிற அளவுக்கு வரைந்தால் போதும். ஆழம் தெரியாமல் காலை விடவும் கூடாது, ஆழம் பார்த்துக்கொண்டே கரையில் நின்றுவிடவும் கூடாது.

இரண்டாவது படி, ஃபீச்சர் பட்டியல். முறையின் உயிர்நாடி இதுதான். ‘கடனின் மாதத் தவணையைக் கணக்கிடு’, ‘விண்ணப்பதாரரின் வருமானத்தைச் சரிபார்’ என்பதுபோல எந்தப் பொருள், என்ன பலன், என்ன செயல் என்று மூன்றும் அடங்கிய சின்ன வாக்கியங்களாக அது இருக்க வேண்டும். ‘டேட்டாபேஸ் இணைப்பை அமை’ என்பதற்குப் பட்டியலில் இடமில்லை. அந்த வேலை தேவையானதுதான், ஆனால் அதனால் தனக்கு என்ன லாபம் என்று கிளையன்டுக்குப் புரியாது. எந்த ஃபீச்சரும் இரண்டு வாரத்தைத் தாண்டக் கூடாது. தாண்டும் என்று தெரிந்தால் உடைத்துச் சிறிதாக்க வேண்டும்.

மூன்றாவது படியில், எதை முதலில் செய்வது, யார் பொறுப்பு என்று திட்டமிடுகிறார்கள். நான்காவதும் ஐந்தாவதும் ஒவ்வொரு ஃபீச்சராக எடுத்து டிசைன் செய்வதும், கட்டி முடிப்பதும். இவ்விரண்டும் புராஜெக்ட் முடியும்வரை சுழன்றுகொண்டே இருக்கும்.

கோடின் அலகான ஒவ்வொரு கிளாஸுக்கும் ஓர் உரிமையாளர் உண்டு. அதில் கைவைப்பவர் அவர் மட்டுமே. ‘சீஃப் புரோகிராமர்’ எனப்படும் அனுபவசாலி சில ஃபீச்சர்களை எடுத்துக்கொண்டு, அவற்றுக்குத் தேவையான கிளாஸ் உரிமையாளர்களைக் கூட்டிக் குட்டி டீம் அமைப்பார். வேலை முடிந்ததும் அது கலையும், அடுத்த ஃபீச்சருக்கு வேறு டீம் சேரும்.

89-க்கு மேல் நகராது

முன்னேற்றத்தை அளக்கும் விதம்தான் எல்லாவற்றிலும் சுவாரஸ்யம். ஒவ்வொரு ஃபீச்சருக்கும் ஆறு மைல்கற்கள் இருக்கின்றன. தொழில் விவரத்தைக் கேட்டு அறிவதற்கு 1 சதவீதம், டிசைனுக்கு 40, டிசைனைச் சக புரோகிராமர்கள் பரிசோதிப்பதற்கு 3, கோடு எழுதுவதற்கு 45, கோடைப் பரிசோதிப்பதற்கு 10, மொத்த மென்பொருளோடு சேர்ப்பதற்கு 1.

ஒரு மைல்கல் முழுதாக முடிந்தால்தான் மதிப்பெண். கோடு எழுதுகிறவர் ‘கிட்டத்தட்ட முடிச்சுட்டேன்’ என்று சொன்னாலும் கணக்கில் ஏறுவது 44 மட்டுமே. கடைசி வரியை எழுதிவிட்டால் 89. இன்னொருவர் அதைப் படித்துப் பார்த்து ஒப்புக்கொள்ளும்வரை அதற்கு மேல் ஒரு புள்ளிகூட நகராது.

இந்தக் கணக்குகளைக் கூட்டி, ஒரே தாளில் வண்ணப் பெட்டிகளாக மேலிடத்துக்குக் கொடுக்கிறார்கள். முடிந்தது பச்சை, பின்தங்கியது சிவப்பு. மென்பொருள் பற்றி எதுவும் தெரியாத வங்கி அதிகாரிகூட எங்கே சிக்கல் என்று சில நொடிகளில் கண்டுபிடித்துவிடலாம்.

குறைகளும் உண்டு

கிளாஸ் உரிமையாளர் விடுப்பில் போனால் வேலை நிற்கும். வேலையை விட்டே போனால் சிக்கல் பெரிது. அதனால்தான் எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங் போன்ற முறைகள் ‘கோடு எல்லோருக்கும் பொது’ என்கின்றன. அடுத்து, எல்லாப் பாரமும் சீஃப் புரோகிராமர் தலையில் விழுகிறது. அப்படிப்பட்ட அனுபவசாலிகள் நாலைந்து பேராவது இல்லாமல் பெரிய டீமில் இந்த முறை எடுபடாது. தொழில் தெரிந்தவர்கள் தொடக்கத்தில் மட்டும் தலைகாட்டிவிட்டு மறைந்தால் மாடலே பிழையாகிவிடும். ஐந்தாறு பேர் சேர்ந்து செய்யும் சிறிய செயலிக்கு இவ்வளவு ஏற்பாடும் வீண் சுமை.

ஆனால் வங்கி, காப்பீடு, மருத்துவமனை என்று தொழில் விதிகள் சிக்கலாக இருக்கும் இடங்களில், 50 பேர் ஒரே மென்பொருளைக் கட்டும்போது, இதன் ஒழுங்கு கைகொடுக்கும். கோடு எப்படி எழுத வேண்டும், யார் பரிசோதிக்க வேண்டும் என்பதையெல்லாம் ஸ்க்ரம் அந்தந்த டீமிடமே விட்டுவிடுகிறது. எஃப்.டி.டி. அதையும் வரையறுக்கிறது. அதனால் இரண்டையும் கலந்து பயன்படுத்தவும் தடையில்லை.

முழு முறையையும் பின்பற்ற முடியாதவர்கள், ஃபீச்சர் பட்டியலை மட்டுமாவது எடுத்துக்கொள்ளலாம். ஸ்பிரிண்ட் எனப்படும் குறுகிய வேலைச் சுற்றுகளில் முதலாவது தொடங்கும் முன் அதை எழுதி கிளையன்டிடம் கொடுங்கள். யாருடைய விளக்கமும் இல்லாமல் அவரால் அதைப் படித்துப் புரிந்துகொள்ள முடியாவிட்டால், கோடு எழுத உட்காராதீர்கள்.