ஊர் பெயர்ந்தவர்களின் நாடகாசிரியர்

ஹிட்லரின் டாஹாவ் வதைமுகாமில் இரண்டு கைதிகள். கற்களை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் சுமந்து அடுக்க வேண்டும். அடுக்கியதைத் திரும்பப் பழைய இடத்துக்கே கொண்டுவர வேண்டும். அதுதான் வேலை. ஒருவரையொருவர் தொடக் கூடாது, திரும்பிப் பார்க்கவும் கூடாது. அப்படியே அருகருகே நின்றபடி, வெறும் பேச்சாலேயே அவர்கள் காதல் செய்கிறார்கள்.

1979-ல் லண்டன் ராயல் கோர்ட் அரங்கைத் திகைக்கவைத்த ‘பென்ட்’ நாடகத்தின் காட்சி இது. எழுதியவர் மார்ட்டின் ஷெர்மன். 1938-ல் ஃபிலடெல்ஃபியாவில் யூதக் குடும்பத்தில் பிறந்த அமெரிக்கர். தன்பால் ஈர்ப்பாளர்களை நாஜிகள் இளஞ்சிவப்பு முக்கோணம் குத்தி முகாம்களில் அடைத்த கொடுமை அப்போது வெளியுலகில் அதிகம் பேசப்படவில்லை. லண்டனில் ‘கே ஸ்வெட்ஷாப்’ நாடகக் குழுவினரோடு பழகியபோதுதான் ஷெர்மனுக்கே அந்த வரலாறு தெரியவந்தது. நாடகத்தின் நாயகன் மேக்ஸ், அந்த முக்கோணத்துக்கு யூதர்களின் மஞ்சள் நட்சத்திரமே மேல் என்று பேரம் பேசி வாங்கிக்கொள்கிறான். ஒரு யூத எழுத்தாளர் இப்படியொரு திருப்பத்தை எழுத எத்தனை நெஞ்சுரம் வேண்டும்!

மேக்ஸாக நடித்த இயன் மெக்கெல்லனுக்கு ஆலிவியர் விருது கிடைத்தது. அதே ஆண்டு பிராட்வேயில் ரிச்சர்ட் கியர் நடித்தார். சொந்த நாட்டிலும் பெயர் வந்துவிட்டது. ஆனாலும் ஷெர்மன் வீடு அமைத்துக்கொண்டது லண்டனில்தான்.

அதன்பின் அவர் எழுதியவற்றைச் சேர்த்துப் பார்த்தால், ஊர் பெயர்ந்தவர்களே திரும்பத் திரும்ப வருகிறார்கள். ‘வென் ஷீ டான்ஸ்டு’ நாடகத்தில், பாரிஸில் வாழும் அமெரிக்க நடனக்காரி இஸடோரா டங்கனுக்கும் அவளுடைய ரஷ்யக் கவிஞர் கணவருக்கும் பொதுவாக ஒரு மொழிகூடக் கிடையாது. 1999-ல் வந்த ‘ரோஸ்’, எண்பது வயது யூத மூதாட்டி தனியாக ஒரு பெஞ்சில் அமர்ந்து பேசும் நாடகம். உக்ரைன் கிராமம், வார்சா, கடைசியில் மயாமி கடற்கரை என்று ஒரு நூற்றாண்டின் அலைச்சல் முழுவதும் அவள் வாய்மொழியாகவே வருகிறது. ஒலிம்பியா டுகாகிஸ் நடித்த அந்தப் படைப்பை, ‘பென்ட்’டுக்கு இணையாகவே வைக்க வேண்டும்.

இசை நாடகத்துக்கு வந்தபோதும் இதே தடம்தான். ஆஸ்திரேலியாவில் பிறந்து நியூயார்க்கில் புகழ்பெற்ற பாடகர் பீட்டர் ஆலனின் கதையான ‘தி பாய் ஃப்ரம் ஆஸ்’, ஆஸ்திரேலியாவில் நிக் என்ரைட் எழுதி மேடையேறியது. 2003-ல் பிராட்வேக்காக அதன் வசனப் பிரதியைத் திருத்தி எழுதியவர் ஷெர்மன். பாட்டுகள் ஆலனுடையவை. அவற்றை ஒரு வாழ்க்கையாகக் கோப்பதுதான் வசனகர்த்தாவின் பாடு. நாயகனாக நடித்த ஹியூ ஜாக்மன் டோனி விருது வென்றார். ஷெர்மனின் பிரதியும் அவ்விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது.

2017-ல் நியூயார்க் பப்ளிக் தியேட்டரில் அரங்கேறிய ‘ஜென்ட்லி டவுன் த ஸ்ட்ரீம்’ நாடகத்தில்தான் அவர் தன் வாழ்க்கைக்கு மிக அருகே வந்தார். ஹார்வி ஃபியர்ஸ்டீன் ஏற்ற அதன் நாயகன், லண்டனிலேயே தங்கிவிட்ட வயதான அமெரிக்கப் பியானோ கலைஞன்.