படம் ஓடவில்லை என்று பூட்டை உடைக்காதீர்கள்

தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக்கு வரமுடியாத நேயர்கள் இணையத்தில் நேரலை பார்ப்பார்கள். “தம்பி, சத்தமே வரலையே, கணினி கெட்டுப்போச்சா?” என்று எனக்குத்தான் அழைப்பு வரும். வானொலிக்காரனுக்கு எல்லாம் தெரியும் என்று ஒரு நம்பிக்கை!

கெட்டுப்போகவில்லை. பக்கத்தைத் திறந்ததும் காணொலி தானாகக் கத்துவதை 2018 ஏப்ரல் முதல் குரோம் பெரும்பாலும் அனுமதிப்பதில்லை. ஒலிக்குறியை ஒருமுறை தட்டினால் போதும்.

திரை கறுப்பாகவே நின்றால், அதே முகவரியை இன்காக்னிட்டோ சாளரத்தில் திறந்து பாருங்கள். அங்கே ஓடினால், விளம்பரத் தடுப்பான் போன்ற ஏதோ ஒரு கூடுதல் செயலிதான் வழியை மறிக்கிறது. அந்தத் தளத்துக்கு மட்டும் அதை நிறுத்துங்கள். பெரியவர்களின் பழைய மடிக்கணினி என்றால் நான் முதலில் தேதியைத்தான் பார்ப்பேன். தேதி தவறாக இருந்தால், தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாதது என்று நினைத்து உலாவி தடுத்துவிடும்.

பலர் பொறுமையிழந்து பாதுகாப்பு அமைப்புகள் அத்தனையையும் அணைத்துவிடுகிறார்கள். வங்கிக் கணக்கைத் திறப்பதும் அதே உலாவியில்தானே?

அதைவிட மோசம், “பிளாஷ் பிளேயரைப் புதுப்பிக்கவும்” என்று குதித்து வரும் பெட்டி. அடோபி நிறுவனம் பிளாஷுக்கான ஆதரவை 2020 டிசம்பர் 31-இல் நிறுத்தியது. 2021 ஜனவரி 12 முதல் அதில் எதையும் ஓடவிடாமல் தடுத்தது. இன்று அப்படிக் கேட்கும் பெட்டியை நம்பவே வேண்டாம், மூடிவிடுங்கள். அதை அழுத்தி, வங்கி விவரமும் கொடுத்து, பணம் போய்விட்டதா? உடனே வங்கிக்கோ, மோசடிப் புகார்களுக்கான தேசிய மையத்தின் 997 எண்ணுக்கோ அழையுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறிவிட்டால் பிடிப்பது கடினம்.