கறிமிளகாய் அடைத்துப் பொரித்தல்

சிறுபோகத்தில் வயல்களிலும் தோட்ட நிலங்களிலும் கறிமிளகாய் செய்கைபண்ணுவோர் யாவரும் அறிந்த விடயம் ஒன்றுண்டு. பல தோட்டங்களின் காய்கள் ஒரே காலத்திற் சந்தைக்கு வரும்போது விலை இறங்கிவிடும். அவ்வேளையில் வியாபாரிகள் நீண்டு நேராயுள்ள காய்களையே தெரிந்தெடுப்பர். வளைந்தனவும் குறுகியனவும் கூடையில் எஞ்சும். உருவத்திற் குறையுடைய இக்காய்கள் உணவுக்குக் குறையுடையன அல்ல. இவற்றினுள் உருளைக்கிழங்கும் மீனும் அடைத்துப் பொரித்தால், உணவுக்கு முன் விருந்தினருக்குப் பரிமாறத்தக்க நல்ல சிற்றுண்டி கிடைக்கும்.

காய்களைத் தெரிதல்

ஹங்கேரியன் யெலோ வக்ஸ், சி.ஏ. 8 போன்ற இனங்களின் காய்கள் உட்குழிவும் தடித்த சதையும் உடையனவாதலால் அடைப்பதற்கு ஏற்றவை. பழுக்குமுன், விறைப்பாக உள்ளபோதே பறித்தல் வேண்டும். இலைச்சுருளலினாற் சிறுத்த காய்களையும் பயன்படுத்தலாம். ஆனால், புழு துளைத்த காய்களையும், அமிழ்ந்த வட்டப் புள்ளிகளுடைய அழுகல் நோய்க் காய்களையும் நீக்கிவிடுக.

கறிமிளகாய் தோலுடன் உண்ணப்படுவது. ஆகவே, பீடைநாசினி தெளித்தபின் எத்தனை நாட்கள் கழித்துப் பறிக்கவேண்டுமென்று அதன் சுட்டுத்துண்டிற் கூறப்பட்டுள்ளதோ, அத்தனை நாட்கள் கழியுமுன் வீட்டுச் சமையலுக்கும் பறித்தலாகாது. சில நாசினிகள் செடியின் உள்ளே ஊடுருவுவன. அவற்றைக் கழுவி அகற்ற முடியாது.

உறைப்பைக் குறைத்தல்

உறைப்பிற்குக் காரணம் கப்சேசின் என்னும் பொருளாகும். இது விதையில் உண்டாவதில்லை. விதைகள் ஒட்டியிருக்கும் வெண்ணிறத் தசையிலேயே உண்டாகின்றது. எனவே விதைகளை மட்டும் உதறினாற் போதாது. அத்தசையையும் வழித்தெடுத்தல் வேண்டும். நீரின்றி வாடிய செடிகளின் காய்கள் கூடுதலாக உறைப்பதுண்டு. அவற்றில் இதனை முற்றாக நீக்குக. கப்சேசின் நீரிற் கரைவதரிது, எண்ணெயிற் கரையும். ஆதலால் வெட்டுமுன் கைகளில் எண்ணெய் பூசிக்கொண்டு, வேலை முடிந்ததும் சவர்க்காரமிட்டுக் கழுவுக. அதுவரை கண்களைத் தொடவேண்டாம்.

தேவையான பொருட்கள்

கறிமிளகாய் – 10
அவித்து மசித்த உருளைக்கிழங்கு – 250 கிராம்
அவித்து முள் நீக்கிய மீன் – 100 கிராம்
சின்ன வெங்காயம் – 50 கிராம்
மிளகுதூள் – அரைத் தேக்கரண்டி
மஞ்சள்தூள் – கால் தேக்கரண்டி
தேசிக்காய் – பாதி
முட்டை – 1
பாண்தூள் – 100 கிராம்
கறிவேப்பிலை, உப்பு, எண்ணெய் – அளவாக

மீன் உண்ணாதோர் அதற்குப் பதிலாக அவித்து நீர் வடித்த கடலைப்பருப்பைச் சேர்க்கலாம்.

செய்முறை

வெங்காயத்தையும் கறிவேப்பிலையையும் சிறிதாக அரிந்து, சிறிதளவு எண்ணெயில் வதக்குக. மீன், மஞ்சள்தூள், மிளகுதூள், உப்பு ஆகியவற்றைச் சேர்த்து ஈரம் வற்றும்வரை கிளறி இறக்குக. பின்னர் கிழங்கையும் தேசிப்புளியையும் சேர்த்துப் பிசைந்து ஆறவிடுக.

காய்களைக் கழுவித் துடைத்து, காம்பை விடாமல், ஒரு பக்கத்தில் மட்டும் நீளவாட்டிற் கீறுக. வளைந்த காயை அதன் வெளிவளைவிற் கீறினால் உடையாது. உள்ளிருப்பதை அகற்றிக் கலவையை நிரப்பி, கீறலை அழுத்தி மூடுக. அடித்த முட்டையில் தோய்த்துப் பாண்தூளிற் புரட்டுக.

தாச்சியில் எண்ணெயைக் காயவைத்து, சிறிது பாண்தூளை இட்டுப் பார்க்க. அது உடனே நுரைத்துப் பொரியுமாயின் சூடு போதுமானது. ஒருமுறைக்கு இரண்டு மூன்று காய்களாக இட்டுப் பொன்னிறமாகப் பொரித்தெடுக்க. அதிகம் இட்டால் எண்ணெயின் சூடு தணிந்து, காய்கள் எண்ணெயை உறிஞ்சிவிடும்.

கவனிக்கவேண்டியவை

கலவையிலோ காயிலோ நீர் இருந்தால், அது கொதிக்கும் எண்ணெயில் ஆவியாகிக் காயை வெடிக்கச் செய்யும். எண்ணெய் தெறித்து உடலைச் சுடவுங்கூடும். ஆகவே இரண்டும் உலர்ந்திருத்தல் அவசியம்.

மீன் சேர்ந்த கலவை எமது வெப்பத்தில் விரைவிற் பழுதடையும். அதனைப் பல மணி நேரம் வெளியில் வையாது அன்றே பொரித்துச் சூட்டுடன் உண்ணுதல் வேண்டும். உறைப்புத் தாங்காதோருக்குத் தண்ணீரைவிடத் தயிரே உதவும்.

பீடைநாசினி தெளித்தபின் காத்திருக்க வேண்டிய காலம் பற்றி ஐயமிருப்பின், அறுவடைக்கு முன்னரே உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரைக் கேட்டறிக.