ஜட்டி வாங்கும்போது இதையெல்லாம் கவனிக்கிறீங்களா பாஸ்?

சட்டை எடுக்க நாலு கடை ஏறி இறங்குவோம். ஜட்டி என்றால் மட்டும், 'அண்ணா, 90 சைஸ்ல ரெண்டு' என்று சொல்லி, பிரிச்சுக்கூடப் பார்க்காம வாங்கிட்டு வந்துடுவோம். ஆனால், நாள் முழுக்க உடம்போடு ஒட்டியிருப்பது அதுதானே!

ஃபிட்: அட்டையில் இருக்கும் 85, 90 எல்லாம் சென்டிமீட்டர் கணக்கு. ஜீன்ஸ் சைஸை நம்பாமல், டேப் வைத்து இடுப்பை அளந்துக்கோங்க. கழற்றும்போது எலாஸ்டிக் தடம் ஆழமாகப் பதிந்திருந்தால், அது உங்க சைஸ் இல்லை.

துணி: தினசரிக்கு காட்டன் ஓகே. கொஞ்சம் எலாஸ்டேன் கலந்திருந்தால் தொளதொளக்காது. ஆனால், காட்டன் வியர்வையை உறிஞ்சுமே தவிர, சீக்கிரம் காயாது. ஜிம்முக்கு, சட்டென்று உலரும் பாலியஸ்டர் கலவை பெட்டர். முடித்ததும் மாத்திடுங்க. ஈரத்தோடு இருந்தால் தொடை இடுக்கில் படர்தாமரை வரும். அப்போது மெடிக்கலில் கேட்டு ஸ்டீராய்டு கலந்த க்ரீம் தடவாதீங்க. முதலில் அரிப்பு அடங்கும், பிறகு இன்னும் பரவும். ஸ்கின் டாக்டரைப் பாருங்க.

ஸ்டைல்: தொடை உரசுபவர்களுக்கு, கால் நீளமான பாக்ஸர் பிரீஃப். வீட்டில் இருக்கும்போது லூஸான பாக்ஸர். விதைப்பை உடல் சூட்டைவிடக் குளிர்ச்சியாக இருந்தால்தான் விந்தணு உற்பத்தி சரியாக நடக்கும். 2018-ல் ஹார்வர்டு ஆய்வாளர்கள், குழந்தையின்மை சிகிச்சை மையத்துக்கு வந்த 656 ஆண்களிடம் நடத்திய ஆய்வை வெளியிட்டார்கள். பெரும்பாலும் பாக்ஸர் அணிந்தவர்களின் விந்தணு அடர்த்தி, மற்றவர்களைவிட 25% அதிகம். பதற வேண்டாம், இறுக்கமாக அணிந்தவர்களின் சராசரியும் நார்மல்தான். ஆனால், அப்பாவாகத் திட்டமிடுபவர்கள் இப்போதே கொஞ்சம் லூஸாக மாறலாமே!